சாத்திக்கொள்ள ஒரு கதவு

எங்கள் காலனித் தம்பி ஒருவனுக்கு அவன் வேலை பார்க்கும் நிறுவனத்திலிருந்து போன மாதம் இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. முதலாவது எச்சரிக்கைக் கடிதம். வாடிக்கையாளர்களிடம் அவன் பேசும்போது பின்னணியில் சத்தம் கேட்கிறது, கவனம் சிதறுகிறது, ஒரு நாளைக்கு முடிக்கவேண்டிய அழைப்புகளின் எண்ணிக்கை குறைகிறது என்று அதில் இருந்தது. இரண்டாவது அறிவுரை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் கவனம் சிதறாமல் நிறைய வேலை முடிக்கப் பத்து வழிகள்.

அன்று இரவு மன்றத்தில் உட்கார்ந்து அந்தப் பத்து வழிகளை அவனையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னோம்.

வேலைக்கென்று ஒரு தனி அறையை ஒதுக்குங்கள். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். முதுகுக்கு ஏற்ற நாற்காலி வாங்குங்கள். இயற்கை வெளிச்சம் விழும் ஜன்னல் ஓரமாக மேசையைப் போடுங்கள். வேலை நேரத்தில் தொந்தரவு செய்யக்கூடாது என்று குடும்பத்தாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இடைவேளையில் அருகில் உள்ள பூங்காவில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள்.

பூங்கா வந்ததும் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஐ.டி. கட்டடத்தில் துப்புரவு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, அந்தத் தனி அறையை அவங்களே கட்டிக் குடுத்துடுவாங்களா?" மறுபடியும் சிரிப்பு. தம்பி மட்டும் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு புகார் வந்தால் வேலை போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவன்.

அவன் வீடு எப்படி இருக்கும் என்று சொல்கிறோம். அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. ஓர் அறை, ஒரு சின்ன அடுப்படி. அதற்குள் ஐந்து பேர். கட்டட வேலைக்குப் போகும் அப்பா, நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா, நாள் முழுக்க இருமும் பாட்டி, கல்லூரியில் படிக்கும் தங்கை, இவன். லேப்டாப்புக்கு மேசை, பாட்டியின் பழைய தகரப் பெட்டி. வெயில் காலத்தில் பகலில் உள்ளே உட்கார முடியாது. மழைக்காலத்தில் கூரை எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துப் பெட்டியை நகர்த்திக்கொள்ள வேண்டும். ஆடி மாதம் ஊர்க் கோயிலில் கட்டும் ஒலிபெருக்கிகளில் இரண்டாவது எப்போதும் எங்கள் பக்கம் பார்த்துத்தான் இருக்கும். அந்தக் கோயிலுக்குள் எங்களுக்கு இடம் கிடையாது, அதன் சத்தத்துக்கு மட்டும் எங்கள் வீடுகளில் இடம் உண்டு.

இப்படிப்பட்ட வீட்டில் உட்கார்ந்து எட்டரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசும் ஒருவனைப் பார்த்து, "உனக்குக் கவனம் போதாது" என்கிறது ஒரு நிறுவனம். எங்களுக்கு ஒன்று புரிகிறது. கவனம் என்பதை இவர்கள் ஆளின் குணமாகப் பார்க்கிறார்கள். ஒழுங்கு இருப்பவனுக்கு வரும், சோம்பேறிக்கு வராது என்று நினைக்கிறார்கள். நாங்கள் அதைச் சொத்தாகப் பார்க்கிறோம். நிலம் எப்படிப் பங்கு போடப்பட்டதோ அப்படித்தான் இந்த நாட்டில் அமைதியும், அறையும், கதவும், தடையில்லாத மின்சாரமும் பங்கு போடப்பட்டிருக்கின்றன. யாருக்கு அவை கிடைத்தனவோ அவர்களுடைய கவனம் கூர்மையாக இருக்கிறது. பிறகு அவர்களே, "எங்களைப் போல இருங்கள்" என்று அறிவுரையும் எழுதுகிறார்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டிப் பார்க்கட்டும். நாட்டில் உள்ள குடும்பங்களில் 37 விழுக்காடு ஒரே அறை கொண்ட வீட்டில் வாழ்கின்றன. இன்னும் கிட்டத்தட்ட 4 விழுக்காட்டுக்கு அந்த ஒரு தனி அறையும் இல்லை. பத்தில் நான்கு குடும்பங்களுக்கு "ஓர் அறையை ஒதுக்குங்கள்" என்ற முதல் அறிவுரையே பொருந்தாது. அந்த நான்கில் சேரி எவ்வளவு, ஊர் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எங்களுக்குப் புள்ளிவிவரம் வேண்டாம். எங்கள் தெருவில் நடந்து பார்த்தால் போதும்.

அறை ஏன் இல்லை? மனை இல்லை. மனை ஏன் இல்லை? நிலம் இல்லை. 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்க முடிவுசெய்த பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. வேறு சாதிக்காரர் கைக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நிலம் அது. இன்று அது யார் கையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நிலம் எங்களிடம் இருந்திருந்தால் மூன்று சென்ட் பட்டாவுக்கு மனு எழுதிக்கொண்டு நின்றிருக்க மாட்டோம். தம்பியின் லேப்டாப் தகரப் பெட்டி மேல் இருப்பதற்கும் 1892க்கும் தொடர்பு இருக்கிறது.

"கிராமத்தில் இடமில்லை என்றால் நகரத்தில் ஒரு அறை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நகரத்தில் வீடு தேடிப் போன எங்கள் பிள்ளைகள் சொல்வதைக் கேளுங்கள். தரகர் வீட்டைக் காட்டுவார், வாடகை பேசியாகிவிடும், முன்பணமும் பேசியாகிவிடும். கடைசியில் வீட்டுக்காரர் அன்பாகக் கேட்பார்: "தம்பிக்குச் சொந்த ஊர் எது? அதுல எந்தத் தெரு?" அதற்குப் பதில் சொன்னதும், "சொந்தக்காரங்க கேட்டிருந்தாங்க, மறந்தே போச்சு" என்று வீடு கைவிட்டுப் போகும். நேரடியாகச் சாதியைக் கேட்பவர் நாகரிகம் இல்லாதவர். "சைவம் மட்டும்தான்" என்று பலகை மாட்டுபவர் நாகரிகமானவர். இரண்டு பேரும் சாத்துவது ஒரே கதவைத்தான்.

இது புதிய கதையும் இல்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா மன்னரின் பணியில் சேரப் போன புரட்சியாளர் அம்பேத்கருக்கு அந்த ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். தட்டுமுட்டுச் சாமான்கள் அடைந்து கிடந்த கூடம், மங்கலான ஓர் அரிக்கேன் விளக்கு. பேச ஆளில்லாத அந்தத் தனிமையில் அவர் புத்தகம் படித்தார். பதினோராவது நாள் கையில் தடிகளோடு வந்து வெளியேறச் சொன்னார்கள். பொதுப் பூங்காவில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய் ரயில் ஏறினார். இதை அவரே எழுதிவைத்திருக்கிறார். அன்றைய இந்தியாவில் அவரளவுக்குப் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அப்படிப்பட்டவராலேயே அந்த வேலையில் நிலைக்க முடியவில்லை. அவருக்கு இல்லாமல் போனது கவனமா, கதவா?

அறிவுரை எழுதுபவர்கள் அண்ணலையே எங்களுக்கு எதிராகக் கொண்டுவருவதும் நடக்கிறது. "அம்பேத்கர் அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து படித்தார். நீங்களும் எழுந்திருங்கள்." எழுந்தார் என்பது உண்மை. ஏன் எழுந்தார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். பரேலில் ஒரே அறையில் மொத்தக் குடும்பமும் இருந்தது. மற்றவர்கள் விழித்திருக்கும்போது அங்கே படிக்க முடியாது. அதனால் பிள்ளையைச் சீக்கிரம் தூங்க வைத்துவிட்டு, அப்பா ராம்ஜி தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இரண்டு மணிக்கு எழுப்பிவிட்டார். பகலில் அந்த மாணவர் சர்னி ரோடு பூங்காவில் உட்கார்ந்து படித்தார். அங்கே அவரைக் கவனித்த ஆசிரியர் கெலுஸ்கர் புத்தகங்கள் கொடுத்தார், பரோடா மன்னரின் உதவித்தொகைக்கும் வழிசெய்தார். பின்னாளில் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம் அவருக்குப் பகல் முழுதும் இடம் தந்தது.

இதை மனவலிமைக் கதையாக மட்டும் சொல்பவர்கள் பாதிக் கதையை விழுங்கிவிடுகிறார்கள். ஒரு தந்தையின் தூக்கம், ஒரு பொதுப் பூங்கா, ஓர் ஆசிரியர், ஓர் உதவித்தொகை, ஒரு பொது நூலகம். வீடு கொடுக்க முடியாததைப் பொது இடம் கொடுத்தது. பிறகு தன் சம்பாத்தியத்தில் வீடு கட்டியபோது அவர் முதலில் நினைத்தது புத்தகங்களைத்தான். 1930களின் தொடக்கத்தில் தாதரில் எழுந்த ராஜகிருகம் நூலகத்தை மனதில் வைத்துக் கட்டிய வீடு. 2020 ஜூலை 7 அன்று அந்த வீட்டு வளாகத்தில் புகுந்து பூந்தொட்டிகளையும் ஜன்னல் கண்ணாடியையும் உடைத்தார்கள். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் அந்த வீட்டின் அமைதி சிலருக்குப் பொறுக்கவில்லை.

"வீட்டிலிருந்து வேலை" என்பது ஏதோ 2020இல் கணினியோடு பிறந்தது போலப் பேசுகிறார்களே, அதற்கும் வருவோம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் போய்ப் பாருங்கள். ஏற்றுமதியாகும் தோல் ஷூக்களின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்கள். ஏஜெண்ட் மூட்டையில் கொண்டுவந்து கொடுப்பார், தைத்து முடித்ததை எண்ணி எடுத்துப் போவார். ஐரோப்பியக் கடையில் ஆயிரக்கணக்கில் விலை போகும் ஷூவுக்கு, தைத்த கைக்கு ஜோடிக்குச் சில ரூபாய். குடியாத்தம் பக்கம் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்கள். இலையையும் தூளையும் வாங்கிவந்து சுற்றிக் கொடுத்தால், கழிவு என்று ஒரு பங்கைத் தள்ளிவிட்டு மீதிக்குத்தான் கூலி. தலித் பெண்களும் முஸ்லிம் பெண்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வீட்டு வேலை இது.

கவனம் பற்றி யாராவது பேசவேண்டும் என்றால் முதலில் இவர்களிடம் கேட்கவேண்டும். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஊசி தவறாமல் தைத்தவர்கள். உலை கொதிக்கும் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டே ஆயிரம் பீடி எண்ணியவர்கள். இவர்களுக்கு யாரும் பத்து வழிகள் எழுதிக் கொடுக்கவில்லை. முதுகுக்கு ஏற்ற நாற்காலி பற்றி யாரும் கவலைப்படவில்லை. பீடித் தொழிலாளர்களுக்காவது 1966இல் ஒரு சட்டம் வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவரும் தொழிலாளர்தான், ஆலைத் தொழிலாளிக்கு இணையாக நடத்து என்று சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆவது உடன்படிக்கை 1996இல் நிறைவேறியது. இந்தியா இன்றுவரை அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

ஏன் என்று நினைக்கிறீர்கள்? வேலையை வீட்டுக்கு அனுப்பினால் முதலாளிக்குக் கட்டட வாடகை மிச்சம், மின்கட்டணம் மிச்சம், நாற்காலி மிச்சம், கழிப்பறை மிச்சம். தொழிலாளர்கள் ஒரே இடத்தில் கூடமாட்டார்கள், அதனால் சங்கமும் மிச்சம். ஷூ தைத்த அக்காவிடம் செய்த அதே கணக்கைத்தான் லேப்டாப் தட்டும் தம்பியிடமும் இன்று செய்கிறார்கள். முன்பு கவனத்துக்கு வேண்டிய சூழலை உருவாக்குவது நிறுவனத்தின் செலவு. குளிர்சாதனம், ஜெனரேட்டர், தனித்தடுப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்தச் செலவைத் தொழிலாளியின் தலையில் இறக்கிவைத்துவிட்டு, அதற்கு "சுய ஒழுக்கம்" என்று பெயர் சூட்டிவிட்டார்கள். இன்வெர்ட்டர் வாங்கக் காசில்லாதவன் ஒழுக்கம் இல்லாதவன் ஆகிவிட்டான்.

வீட்டிலிருந்து செய்யவே முடியாத வேலையில் இருப்பவர்களையும் மறக்க முடியாது. 2020 மார்ச் 25 அன்று நாடு மூடப்பட்டபோது பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் காலியாயின. உள்ளே இருந்தவர்கள் லேப்டாப்போடு வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கட்டடங்களைக் கூட்டித் துடைத்தவர்கள்? அதே சாலையை ஒட்டித்தான் கண்ணகி நகர் இருக்கிறது. நகரத்தின் நடுவிலிருந்த குடிசைப் பகுதிகளிலிருந்து பெயர்த்து 2000ஆம் ஆண்டு முதல் எங்கள் மக்களைக் கொண்டுபோய்க் குவித்த இடம். தொடக்கத்தில் கட்டிய பல வீடுகள் 200 சதுர அடிக்கும் குறைவு. அங்கிருந்து துடைப்பத்தோடு போய்க்கொண்டிருந்த அக்காக்கள் பலருக்கு அன்றைக்கு வேலையே நின்றது. மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்களுக்கோ நேர் எதிர்: நாடே வீட்டுக்குள் இருந்தபோது அவர்கள் தெருவில் இருந்தார்கள். துப்புரவுக்கு வீட்டிலிருந்து வேலை கிடையாது, சாக்கடைக்குள் இறங்குவதற்கும் கிடையாது. எந்த வேலை வீட்டுக்குப் போகும், எது போகாது என்ற கோட்டைப் போட்டது கணினி என்று நினைக்காதீர்கள். அந்தக் கோடு சாதி ஏற்கெனவே போட்டுவைத்த கோட்டின் மேலேயே ஓடுகிறது.

இங்கே எங்கள் தோழர்களில் சிலரே எங்களை மறுப்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறோம். எங்கள் பகுதிப் பெண் ஒருத்தி சொன்னாள்: "அண்ணே, ஆபீஸ்ல மதியம் டப்பாவைத் திறக்கும்போது நாலு பேரு என்ன குழம்புன்னு எட்டிப் பார்ப்பாங்க. மாட்டுக்கறி வாசனைன்னு ஒருத்தி எழுந்தே போயிட்டா. வீட்டுல உக்காந்தா எங்கம்மா வச்ச குழம்பை நிம்மதியா சாப்பிடறேன்." அவள் சொல்வது சரி. விடுதி வாடகை மிச்சமாகிறது, வயதான பெற்றோரோடு இருக்க முடிகிறது, அலுவலகத்தின் ஜாடைப் பேச்சிலிருந்து தப்பிக்க முடிகிறது. ஆகவே வீட்டிலிருந்து வேலை செய்வதை நாங்கள் எதிர்க்கவில்லை. அதை எங்கள் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கவும் விடமாட்டோம்.

ஆனால் சாதி அலுவலகத்திலேயே இருந்துவிடும் என்று நம்பாதீர்கள். அது கேமரா வழியாக வீட்டுக்குள் வரும். தம்பியின் லேப்டாப்புக்குப் பின்னால் இருந்த சுவரில் அண்ணலின் படம் மாட்டியிருந்தது. நீலக் கோட்டும் கண்ணாடியும் போட்ட, எல்லாச் சேரி வீட்டிலும் இருக்கும் அதே படம். குழுக் கூட்டம் முடிந்ததும் டீம் லீட் தனியாக அழைத்துச் சொன்னாராம்: "தப்பா எடுத்துக்காதீங்க, பின்னாடி கொஞ்சம் பொதுவா இருந்தா நல்லாயிருக்கும்." அதே கூட்டத்தில் ஒருவர் பின்னால் வெங்கடாசலபதி இருந்தார், இன்னொருவர் பின்னால் கொலு வைத்திருந்தார்கள். அவை பொதுவானவை. நாட்டுக்கு அரசியலமைப்புச் சட்டம் வரைந்து கொடுத்தவர் மட்டும் பொதுவில் சேரவில்லை.

அந்த வாரம்தான் தம்பியின் அழைப்பு எண்ணிக்கை குறைந்தது. அவன் கவனம் எங்கே போனது என்று அந்தப் பத்து வழிகளை எழுதியவருக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை கேமரா போடும்போதும் பின்னால் என்ன தெரிகிறது, யாராவது குறுக்கே போகிறார்களா, அப்பா சட்டையில்லாமல் நிற்கிறாரா, பேச்சில் சேரி வாடை அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். மற்றவன் செய்வது ஒரு வேலை. நம் பிள்ளை செய்வது இரண்டு: சம்பளத்துக்கு ஒன்று, மறைத்துக்கொள்வதற்கு ஒன்று. இரண்டாவது வேலைக்குக் கூலி கிடையாது. ஆனால் கவனத்தின் பாதியை அதுதான் தின்கிறது.

ஊரையும் முதலாளியையும் மட்டும் பேசிவிட்டுப் போனால் நாங்கள் நேர்மையற்றவர்கள். எங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. தம்பி வேலை செய்யும்போது மொத்த வீடும் மூச்சை அடக்கிக்கொள்கிறது. பாட்டி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு இருமுகிறாள். அவன் தங்கை ஊரடங்கு நாட்களில் ஆன்லைன் வகுப்பு கவனித்தபோது அதே வீட்டில், "ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு வந்து உக்காரு" என்றார்கள். பிள்ளை வேலை பார்த்தால் வேலை, பெண் வேலை பார்த்தால் ஓய்வு நேரம். காலனியில் வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்கள் பலர், எல்லோரும் தூங்கியபிறகு இரவு பதினொரு மணிக்குத்தான் உருப்படியாக ஏதாவது முடிப்பதாகச் சொல்கிறார்கள். ராம்ஜி மகனுக்காகத் தூக்கத்தைக் கொடுத்தார். மகளுக்காக, தங்கைக்காக, மனைவிக்காகத் தூக்கத்தைக் கொடுக்க எங்களில் எத்தனை ஆண்கள் தயார்? இதற்குப் பதில் சொல்லாமல் எங்களுக்கு ஜெய்பீம் சொல்லும் தகுதி இல்லை.

சரி, என்ன செய்வது? கோபம் மட்டும் தம்பியின் வேலையைக் காப்பாற்றாது. நாங்கள் செய்ததைச் சொல்கிறோம், உங்கள் ஊருக்குப் பொருந்துமா பாருங்கள்.

மன்றத்தின் பின்னறையில் பழைய தட்டிகளும் கொடிக்கம்பங்களும் கிடந்தன. அவற்றை எடுத்துவிட்டு அறையைச் சுத்தம் செய்தோம். பந்தல்காரர் ஒருவர் உடைந்த மேசைகள் நான்கைக் கொடுத்தார், நம் தச்சர் சரிசெய்தார். ஆறு பிளக் பாயிண்ட், ஒரு மின்விசிறி, பங்கு போட்டு ஒரு இணைய இணைப்பு. இணைப்புக்காரர் முதலில் காலனிக்குள் கம்பி இழுக்க மறுத்தார், "அங்க லைன் போகாது சார்" என்றார். நான்கு பேர் போய் நின்று பேசியதும் லைன் போனது. பழைய சேலைகளையும் அட்டைகளையும் சுவரில் அடித்துச் சத்தத்தைக் குறைத்தோம். பகலில் வேலை பார்ப்பவர்களுக்கு, மாலை ஐந்து முதல் எட்டு வரை பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று முறை வைத்தோம். உள்ளே போனால் சொந்தக் கைப்பேசி வெளியே உள்ள பெட்டியில். கதவில் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு தம்பி முதல்நாள் ஒன்றும் செய்யாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தானாம். "இவ்வளவு சைலன்ட்டா இருந்ததே இல்லண்ணே" என்றான். அவனுடைய அழைப்பு எண்ணிக்கை இப்போது அவன் குழுவில் யாருக்கும் குறைவாக இல்லை. ஆள் அதே ஆள். கதவு வந்தது, கவனம் வந்தது.

வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னும் சில சொல்லவேண்டும். காலையில் அன்றைக்கு முடிக்கவேண்டியதை ஒரு தாளில் எழுதுங்கள், முடித்ததை நேரத்தோடு குறித்துவையுங்கள். அடுத்தவன் வேலையை நம்பிவிடுவார்கள், உங்கள் வேலைக்கு ஆதாரம் கேட்பார்கள். ஆதாரம் கையில் இருக்கட்டும். மின்சாரம், இணையம், நாற்காலிக்கு நிறுவனம் பணம் தருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பாட்டியின் இருமலுக்காக மன்னிப்புக் கேட்காதீர்கள். இருமும் பாட்டி எல்லோர் வீட்டிலும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, நேரம் முடிந்ததும் நிறுத்துங்கள். வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் நாராயண மூர்த்தி சொன்னார். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலேயே 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறி, எதிர்ப்புக்குப் பிறகு மே நாளில் திரும்பப் பெறப்பட்டது. வைஸ்ராயின் நிர்வாக சபையில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையைக் கவனித்தவர் அண்ணல் அம்பேத்கர். அவர் கொண்டுவந்த திருத்தத்தால்தான் 1946இல் ஆலைத் தொழிலாளியின் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைந்தது. அது அவர் நமக்கு விட்டுச்சென்ற சொத்து. வீட்டில்தானே இருக்கிறாய் என்று சொல்லி அதில் ஒரு மணி நேரத்தைக்கூட யாரும் திருட விடாதீர்கள்.

ஆனால் ஒரு காலனியின் பின்னறையால் எல்லாக் காலனிகளின் பசியும் தீராது. அரசிடம் கேட்பது பிச்சை அல்ல, பாக்கி. சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் முதல்வர் படைப்பகம் திறக்கப்பட்டது. படிக்க ஒரு தளம், வேலை பார்க்க ஒரு தளம் என்று நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். அரசு மனது வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. அப்படியானால் சேரிகளில் ஏன் இல்லை? ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென்று 2024இல் தமிழ்நாடு தனிச்சட்டமே இயற்றியிருக்கிறது. எங்கள் பெயரில் ஒதுக்கும் பணத்தை எங்களுக்கே செலவிடவேண்டும் என்பதுதான் அதன் சாரம். அந்தப் பணத்தில் ஒவ்வொரு காலனியிலும் ஓர் அறை கட்டுங்கள். மேசை, மின்சாரம், இணையம், சுத்தமான கழிப்பறை, உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கதவு. பூட்டிக்கிடக்கும் சமுதாயக் கூடம் இன்னொன்று எங்களுக்கு வேண்டாம். ஷூ தைக்கும் அக்காவும் வந்து உட்காரும் அளவுக்கு அது பெரிதாக இருக்கவேண்டும்.

நிறுவனங்களுக்கு ஒரே வார்த்தை. எங்கள் பிள்ளைகளின் வீட்டை அலுவலகமாக்கினால் அதற்கு வாடகை கொடுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் அறிவுரையையாவது நிறுத்திக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு எச்சரிக்கை அனுப்பியவர்களுக்கு நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒரு பதில் எழுதிக் கொடுத்தோம். அவன் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். சத்தம் எங்கிருந்து வந்தது, இப்போது எங்கிருந்து வேலை செய்கிறான், எத்தனை அழைப்புகள் முடித்தான் என்று கணக்கோடு மூன்று பத்தி. நான்காவது பத்தி அவனே சேர்த்தது. "என் பின்னால் இருக்கும் படம் என் வேலையைப் பாதிக்கவில்லை. அது இருப்பதால்தான் இந்த வேலையில் இருக்கிறேன்."

மன்றத்தின் பின்னறையிலும் அந்தப் படத்தை மாட்டியிருக்கிறோம். கேமராவில் நன்றாகத் தெரியும் உயரத்தில்.

ஜெய்பீம்.